அக்கரைச் சீமையும் மனத் திருப்தியும்

(நமதூர் வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



"அயல்நாடு சென்று குடியேறியவர்கள் அங்கே மனத் திருப்தியுடன் வாழ்கிறார்களா? அதை அளந்து தெரிந்து கொள்ள முடியுமா?" என்கின்ற விஷயத்தைப் பற்றி இன்று நான் பேச வேண்டுமென்று வாசகசாலைத் தோழர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச எனக்குள்ள யோக்கியதை மிகச் சொற்பம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் எட்டாவது வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தில் படித்தவனல்ல. அதற்கு மேல் தெரிந்து கொண்டதெல்லாம் இது போன்ற வாசகசாலைகளில் உட்கார்ந்து படித்தும், தெரிந்தவர்களை விடாமல் கேட்டும் தெரிந்து கொண்டதுதான். ஆனால் இருபது வயதுக்கு மேல் 4 வருஷ காலம் மலேசியாவில் கிள்ளான் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்திருக்கிறேன். ஆகவே அளக்கிறவருடைய சாஸ்திரம் எனக்கு அரைகுறையாகத் தெரிந்தாலும், அளக்கப்படுகின்றவனுடைய மனம் எப்படியிருக்கும் என்பது சொந்த அனுபவத்தில் தெரியும். நான் சொல்லுவதில் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக் கொள்ளுங்கள். மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுங்கள்.

தோழர்களே! நமது ஊரில் ஒரு பிள்ளையாவது கடல் தாண்டிப் போகாத தெரு இல்லை. அப்படிப் போனவர்களைப் பற்றி இங்கே மூன்று விதமான அபிப்பிராயங்கள் உலாவுகின்றன. ஒரு கட்சியார், "அக்கரைக்குப் போனவன் பிழைத்தான், அவனுக்கென்ன குறை? மாடி வீடு எழும்பியிருக்கிறதே, கண்ணில்லையா?" என்கிறார்கள். இரண்டாவது கட்சியார், "சொந்த ஊர்க் கஞ்சிக்கு ஈடாகுமா? பணம் வரும், நிம்மதி வருமா?" என்கிறார்கள். மூன்றாவது கட்சியார், "எங்கே போனாலும் தலையில் எழுதியதுதானே நடக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். இந்த மூன்று கட்சியாரிடத்திலும் நான் கேட்பது ஒன்றுதான். உங்களில் யாராவது போனவனை ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்டதுண்டா? கேளாமலே முடிவு கட்டுவதற்கு அறிவு வேண்டியதில்லை. வாய் இருந்தால் போதும்.

சரி, கேட்டால் மட்டும் உண்மை வந்து விடுமா? என் சங்கதியையே சொல்லுகிறேன். நான் போன புதிதில் ஊருக்கு டெலிபோன் செய்யக் காசு அதிகம், கடிதம்தான். முதல் வருஷக் கடிதங்களில் எல்லாம் "இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை" என்றே எழுதினேன். அது பொய்யல்ல. காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரையில் வேலை. படுக்க, கடைக்கு மேல் ஆறு பேருக்கு ஓர் அறை. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது. ஆனாலும் மூன்று வேளையும் சோறு இருந்தது, மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் போயிற்று. என் தகப்பனார் தம் வாழ்நாளில் காணாத பணம். அதனால் குறையில்லை என்று மனதாரவே எழுதினேன்.

மூன்றாம் வருஷத்தில் சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. அறையிலும் மூன்று பேர்தான். ஆனால் அப்போதுதான் என் கடிதங்களில் குறை எழுத ஆரம்பித்தேன். வாரத்தில் ஒரு நாள் லீவு இல்லை என்றும், பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுப்பதில்லை என்றும், எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் கையைத் தட்டிக் கூப்பிடுகிறார்கள் என்றும் எழுதினேன். என் தாயார் அடுத்த வீட்டுப் பெண்ணைக் கொண்டு பதில் எழுதச் செய்தார்கள்: "தம்பி, சம்பளம் ஏற ஏற உனக்குக் குறையும் கூடவே ஏறுகிறதே. முதல் வருஷம் இருந்த சந்தோஷம் எங்கே போயிற்று?" என்று கேட்டிருந்தார்கள். அதற்கு அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெகு நாள் கழித்து, தொங்கா என்ற ஒரு சிறு தீவு நாட்டு ஜனங்களைப் பற்றிப் படித்தபோதுதான் பதில் கிடைத்தது. அதைச் சொல்லுவதற்கே இன்று வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன், மனத் திருப்தி என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

மனதை அளப்பதாவது என்று சிலர் சிரிக்கலாம். காய்ச்சலை அளக்க ஒரு காலத்தில் கருவி கிடையாது. கையை வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். இன்று பாதரசக் குழாயும் வந்து, அதற்கு மேலும் வந்து விட்டது. அதுபோலவே மனத் திருப்தியை அளக்கவும் சில வழிகள் கண்டிருக்கிறார்கள். அவற்றில் இரண்டை மட்டும் சொல்லுகிறேன்.

முதலாவது, ஏணி. ஹாட்லி காண்ட்ரில் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1965-ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். அடியில் 0, உச்சியில் 10 என்று ஓர் ஏணியை மனதில் நினைத்துக் கொள்ளச் சொல்லுகிறார்கள். உச்சிப்படி என்பது உனக்கு வாய்க்கக் கூடிய ஆகச் சிறந்த வாழ்வு. அடிப்படி என்பது ஆக மோசமான வாழ்வு. இன்றைக்கு நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்கிறார்கள். உலக நாடுகளிலெல்லாம் ஜனங்களின் அபிப்பிராயத்தை எடுத்து வரும் காலப் ஸ்தாபனத்தார் இந்த ஏணியைத்தான் உபயோகிக்கிறார்கள்.

இரண்டாவது, 1985-ல் எட் டீனர் என்பவரும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்ட ஐந்து வாக்கியங்கள். என் வாழ்வு நான் விரும்பியபடிக்குக் கிட்டத்தட்ட இருக்கிறது, என் நிலைமை நன்றாயிருக்கிறது, வாழ்வில் எனக்குத் திருப்தி, வேண்டிய முக்கியமான காரியங்கள் கிடைத்து விட்டன, மறுபடியும் முதலிலிருந்து வாழ நேர்ந்தாலும் அநேகமாக எதையும் மாற்றிக் கொள்ள மாட்டேன் என்கின்ற கருத்துள்ள ஐந்து. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சமும் ஒப்பவில்லை என்றால் 1, முழுதும் ஒப்புகிறேன் என்றால் 7. கூட்டினால் ஆகக் குறைந்தது 5, ஆக அதிகம் 35.

இவற்றைக் கொண்டு அளந்து பார்த்ததில் தெரிந்தது என்ன? 2018-ல் வெளியான உலக மகிழ்ச்சி அறிக்கையில், முதல் தடவையாக, 117 நாடுகளில் குடியேறியிருப்பவர்களை மட்டும் தனியாகப் பிரித்து வரிசைப்படுத்திக் காட்டினார்கள். அந்த நாட்டுக் குடிகளில் எந்த நாடு முதலாவதாக வந்ததோ, அதே பின்லாந்துதான் குடியேறியவர்கள் வரிசையிலும் முதலாவதாக வந்தது. அதுமட்டுமல்ல, பொது வரிசையில் முதல் பத்து இடங்களில் இருந்த நாடுகள் பத்தும் குடியேறியவர்கள் வரிசையில் முதல் பதினொரு இடங்களுக்குள்ளேயே வந்து விட்டன. அதாவது வந்து குடியேறியவன் ஏணியில் காட்டும் படி, அங்கேயே பிறந்தவன் காட்டும் படிக்குக் கிட்டத்தட்டப் பக்கத்திலேயே இருக்கிறது. பிறந்த நாட்டின் சாயல் கொஞ்சம் ஒட்டிக் கொண்டிருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்.

இதற்கு என்ன அருத்தம், தோழர்களே? "இன்ன ஜாதியார் எதிலும் திருப்தியடைய மாட்டார்கள், இன்ன தேசத்தார் பிறவியிலேயே சந்தோஷமானவர்கள், அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது" என்றெல்லாம் சொல்லுகிறார்களே, அந்தப் பேச்சுக்கு இந்தக் கணக்கில் ஆதாரமில்லை என்றுதான் அருத்தம். ரத்தத்தில் ஊறியதாயிருந்தால் கப்பல் ஏறினாலும் விமானம் ஏறினாலும் கூடவே போயிருக்க வேண்டுமல்லவா? ஒரு நாட்டில் கோர்ட்டு ஒழுங்காயிருந்தால், ஆஸ்பத்திரி ஒழுங்காயிருந்தால், சர்க்கார் உத்தியோகஸ்தன் லஞ்சம் கேட்காதிருந்தால், தெருவில் பயமில்லாமல் நடக்கலாம் என்றிருந்தால், அங்கே பிறந்தவனுக்கும் நன்மை, வந்தவனுக்கும் நன்மை. தலையெழுத்துக் கட்சியார் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். தலை ஒன்றுதான், நாடு மாறினதும் எழுத்து எப்படி மாறிற்று?

நிற்க. இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடலாமா என்றால், அதுவும் கூடாது. சாஸ்திரி சொன்னால் நம்பக்கூடாது, விஞ்ஞானி சொன்னால் நம்பிவிட வேண்டும் என்பது பகுத்தறிவாகாது. விஞ்ஞானியின் பெருமை, தன் கணக்கில் உள்ள ஓட்டையைத் தானே தேடிப் பார்க்கிறான் என்பதில்தான் இருக்கிறது. அப்படித் தேடியதில் அகப்பட்ட மூன்று ஓட்டைகளைச் சொல்லுகிறேன்.

ஒன்று, பதில் சொல்லும் பழக்கம். 1995-ல் ஜப்பான், தைவான், கானடா, அமெரிக்கா ஆகிய இடங்களின் பள்ளி மாணவர்களை வைத்து மூவர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஜப்பானிய, சீன மாணவர்கள் நடு எண்ணைக் குறிப்பது அதிகமாகவும், அமெரிக்க மாணவர்கள் இரண்டு கோடி எண்களைக் குறிப்பது அதிகமாகவும் இருக்கக் கண்டார்கள். அடக்கமே அழகு என்று வளர்க்கப்பட்டவன் 9 என்று சொல்ல நினைத்தாலும் கை 6-க்குத்தான் போகும். நம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்டால் பசியோடிருந்தாலும் "போதும், போதும்" என்கிறாரே, அதை வைத்து அவர் வயிற்றை அளக்க முடியுமா?

இரண்டு, கேள்வியின் பொருள். டீனரின் ஐந்தாவது வாக்கியத்தை எடுத்துக் கொள்ளுங்கள். மறுபடியும் வாழ நேர்ந்தால் எதையும் மாற்றிக் கொள்ள மாட்டேன் என்பது. ஷிகேஹிரோ ஓயிஷி என்பவர் 2006-ல் அமெரிக்க மாணவர்களையும் சீன மாணவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இதைப் போன்ற வாக்கியம் இரண்டு கூட்டத்தாரிடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்று காட்டினார். அதாவது மொத்தத்தில் ஒரே அளவு திருப்தியுள்ள இருவர் கூட, இந்த வாக்கியத்துக்கு மட்டும் வேறு வேறு எண் போடுகிறார்கள். நம் ஜனங்களிடத்தில் இதைக் கேட்டால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "மறுபிறப்பைப் பற்றித்தானே கேட்கிறார்? அது நம் கையிலா இருக்கிறது?" என்பார்கள்.

மூன்று, எதிர்பார்ப்பு. காரி கிங் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு நல்ல உதாரணம். "சர்க்கார் காரியத்தில் உங்கள் வார்த்தைக்கு எவ்வளவு செல்வாக்கு உண்டு?" என்று சீனாவிலும் மெக்ஸிகோவிலும் கேட்டார்கள். மெக்ஸிகோவிலோ 2000-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு, 71 வருஷமாக ஆண்ட கட்சியையே இறக்கியிருந்தார்கள். அப்படியிருந்தும், சீன தேசத்தார்தான் தங்களுக்குச் செல்வாக்கு அதிகமென்று சொன்னார்கள்! பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரியான சில கற்பனை மனிதர்களின் கதைகளைச் சொல்லி, "இவனுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று எண்ணுகிறீர்கள்?" என்றும் கேட்டார்கள். அந்தக் கதை மனிதர்களை அளவுகோலாக வைத்துக் கணக்கைத் திருத்தினவுடன் வரிசை தலைகீழாக மாறி விட்டது. ஏனெனில் கொஞ்சமும் கேட்டுப் பழக்கமில்லாதவனுக்கு ஒரு கைப்பிடி கிடைத்தாலே மூட்டையாகத் தெரிகிறது.

தோழர்களே! இந்த மூன்றாவது ஓட்டைதான் குடியேறினவன் விஷயத்தில் மிகப் பெரியது. ஏனென்றால், மற்றவர்களுக்கு அளவுகோல் ஊருக்கு ஊர் வேறு. குடியேறினவனுக்கோ ஒரே மனிதனுக்குள்ளேயே அளவுகோல் நடுவழியில் மாறி விடுகிறது. இதற்கு ருசுவாகத்தான் தொங்காவைச் சொல்லுகிறேன்.

தொங்கா என்பது தென் பசிபிக் சமுத்திரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்கள் வாழும் ஒரு சிறு தீவு ராஜ்யம். அங்கிருந்து நியூஜிலாந்துக்குப் போய்க் குடியேற ஆசைப்படுவோர் அநேகர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூஜிலாந்து சர்க்கார் ஓர் ஏற்பாடு செய்தார்கள். 18 முதல் 45 வயது வரையில் உள்ள தொங்கா நாட்டார் மனுப்போடலாம். ஆராய்ச்சி நடந்த காலத்தில் ஆண்டுக்கு 250 பேருக்குத்தான் இடம். மனுக்கள் அதிகமானால் சீட்டுக் குலுக்கி எடுப்பது என்பது ஏற்பாடு.

இந்தச் சீட்டுக் குலுக்கல் ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு புதையல். ஏனென்று கேளுங்கள். சாதாரணமாக ஊரை விட்டுப் போனவனையும் ஊரிலேயே இருந்தவனையும் ஒப்பிட்டால் அது நியாயமான ஒப்பீடாகாது. போகிறவன் துணிச்சல்காரனாயிருக்கலாம், கடன்காரனாயிருக்கலாம், வீட்டில் சண்டை போட்டவனாயிருக்கலாம். போன இடத்தில் மனம் வெறுத்தவன் திரும்பி வந்து விட்டால் அங்கே மிச்சமிருப்பவர்களை மட்டும் கேட்டு "எல்லோரும் திருப்தி" என்று எழுதி விடலாம். ஆனால் குலுக்கலில் அந்தச் சங்கடம் இல்லை. மனுப்போட்டவர்கள் எல்லோரும் போக விரும்பினவர்களே. சீட்டு விழுந்தவனுக்கும் விழாதவனுக்கும் வித்தியாசம் சீட்டு ஒன்றுதான். ஆகவே இருவருக்கும் பின்னால் உண்டாகும் பேதம், போனதினால் உண்டான பேதமேயாகும்.

ஸ்டீவன் ஸ்டில்மன், ஜான் கிப்சன், டேவிட் மெக்கென்சி, ஹலாஹிங்கனோ ரொஹொருவா ஆகிய நால்வர் இதை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது என்ன? போனவர்களின் வருமானம் ஏறக்குறைய மூன்று மடங்காகி விட்டது. வருமானம் போதுமானதாயிருக்கிறது என்கின்ற எண்ணமும் உயர்ந்தது. மன ஆரோக்கியம் முன்னேறியது. ஆனால் "சந்தோஷமாக இருக்கிறாயா?" என்பதற்கு அவர்கள் கொடுத்த எண்ணோ, போகாதவர்கள் கொடுத்த எண்ணை விடக் குறைந்து விட்டது! இதே ஜனங்களைப் பற்றி 2013-ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியில், போனவர்களுக்கு ரத்த அழுத்தம் அதிகப்பட்டிருப்பதும் கருவி வைத்துப் பார்த்ததில் தெரிய வந்தது. ஆகவே பை கனத்தது, மனம் ஒரு விதத்தில் தேறியது, மற்றொரு விதத்தில் சோர்ந்தது, உடம்பில் ரத்தம் அழுத்தியது. இத்தனையையும் ஓர் எண்ணில் அடக்கிச் சொல்ல முடியுமா?

இதைவிட ஆச்சரியமான சங்கதி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் கவனமாய்க் கேட்க வேண்டும். மற்றவர்கள் உனக்குக் கொடுக்கும் மரியாதையை ஏணியாக வைத்து, "முன்பு தொங்காவில் எந்தப் படி? இப்பொழுது எந்தப் படி?" என்று குடியேறினவர்களைக் கேட்டால், "அப்போது கீழே இருந்தேன்; இப்பொழுது ஏறியிருக்கிறேன்" என்கிறார்கள். ஆனால் சீட்டு விழாமல் தொங்காவிலேயே இருந்து விட்டவர்களை இப்பொழுது எந்தப் படி என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போனவர்கள் கீழே இருக்கிறார்கள்! அவன் தன்னைக் கேட்டால் ஏறினேன் என்கிறான். கூடப்பிறந்தவனைப் போன்றவனோடு ஒப்பிட்டால் இறங்கியிருக்கிறான். இருவரில் பொய் சொல்லுகிறவன் யார்?

ஒருவரும் பொய் சொல்லவில்லை. மாறியது ஏணி. தொங்காவில் இருக்கும் வரையில் அவன் கண்ட உலகத்தில் உச்சிப்படி என்பது அந்தத் தீவின் உச்சிதான். நியூஜிலாந்துக்குப் போனதும் ஏணி நீண்டு விட்டது. நீண்ட ஏணியில் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறபோது, தான் முன்பு நின்ற படி ரொம்பவும் தாழ்ந்ததாகத் தெரிகிறது. ஆகவே "ஏறினேன்" என்கிறான். ஆனால் புது ஏணியின் உச்சியை அண்ணாந்து பார்த்தால் தான் நிற்பது கீழ்ப்படியாகத் தெரிகிறது. ஆகவே எண்ணைக் குறைத்துச் சொல்லுகிறான். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே குடியேற்றத்தில் மாறி விடுவதால் மனத் திருப்தியின் ஏற்றத்தாழ்வை அளப்பது கஷ்டம் என்று அந்த ஆராய்ச்சிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள்.

தோழர்களே! என் தாயார் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். முதல் வருஷத்தில் நான் என் தகப்பனாரின் ஏணியில் நின்று எழுதினேன். மூன்றாம் வருஷத்தில், அந்த ஊரில் மற்றத் தொழிலாளிகள் லீவு நாளில் குடும்பத்தோடு கடைத்தெருவில் நடப்பதைப் பார்த்த பிறகு, வேறொரு ஏணியில் நின்று எழுதினேன். கை தட்டிக் கூப்பிட்டது முதல் வருஷத்திலும் உண்டு. அப்போது அது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. மனதில் விழ ஆரம்பித்ததுதான் மூன்றாம் வருஷத்துக் குறை. அதைச் சந்தோஷம் குறைந்தது என்று எழுதுவதா, மனிதன் வளர்ந்தான் என்று எழுதுவதா?

இதிலிருந்து இரண்டு பேருக்கு எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. "பார்த்தாயா, பணம் மூன்று மடங்காகியும் சந்தோஷம் குறைந்து விட்டதே, ஆகையால் ஏழை ஏழையாகவே இருப்பது நல்லது" என்று சொல்லக் காத்திருப்பவர்கள் முதல் பேர். அவர்களுக்குச் சொல்லுகிறேன்: அதே தொங்கா ஜனங்களுக்கு மன ஆரோக்கியம் முன்னேறியிருப்பதை ஏன் விட்டுவிட்டுப் படிக்கிறீர்கள்? வருமானம் போதும் என்ற எண்ணம் உயர்ந்ததை ஏன் மறைக்கிறீர்கள்? ஏழையின் போதுமென்ற மனதைப் புகழுகிறவர்களில் அநேகர் ஏழைகளல்ல. இரண்டாவது பேர், "அவர்களே திருப்தி என்று சொல்லுகிறார்கள், பிறகு உனக்கென்ன?" என்று கேட்பவர்கள். அவர்களுக்குச் சொல்லுகிறேன்: குட்டையான ஏணியைக் கையில் கொடுத்துவிட்டு, உச்சியில் நிற்கிறான் பார் என்று சொல்லுவது நியாயமாகாது.

1860-ல் சென்னையிலிருந்து நம்மவர்களைக் கப்பலேற்றி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போக ஆரம்பித்தார்கள். அவர்களை யாரும் ஏணியில் நிறுத்திக் கேட்கவில்லை. அப்படியே கேட்டிருந்தாலும், கேட்கிறவன் தோட்டத்துத் துரையின் ஆளாக இருந்தால், கூலிக்காரன் என்ன சொல்லியிருப்பான்? "திருப்தி, துரையவர்களே" என்றுதான் சொல்லியிருப்பான். ஆகவே என்ன கேட்டார்கள் என்பது மட்டுமல்ல, யார் கேட்டார்கள், எந்தப் பாஷையில் கேட்டார்கள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

அப்படியானால் அளப்பதையே விட்டுவிடலாமா என்றால், கூடாது என்பேன். தராசில் கோளாறு என்றால் தராசைத் திருத்த வேண்டுமேயொழிய, கண்ணை மூடிக் கொண்டு நிறுக்கக் கூடாது. திருத்துகிற வழியும் தெரிந்துதான் இருக்கிறது. ஒரே கேள்வியோடு நிறுத்தாமல் பல கேள்வி கேட்பது. போனவனையும், போக விரும்பியும் போகாதவனையும் சேர்த்துக் கேட்பது. ஒரே ஆளைப் போகும் முன்னும் போன பின்னும் கேட்பது. கதை மனிதர்களைச் சொல்லி அளவுகோலைச் சரிபார்ப்பது. மனதோடு கூட உடம்பையும், கூலியையும், வேலை நேரத்தையும் பார்ப்பது.

இப்படிப் பல கேள்விகளோடு செய்யப்பட்ட பெரிய ஆராய்ச்சி ஒன்று 2006-ல் ஜான் பெர்ரி என்பவரும் மற்றும் மூவரும் புத்தகமாக வெளியிட்டது. 13 நாடுகளில் 13 முதல் 18 வயது வரையுள்ள 7,997 இளைஞர்களை, குடியேறிய வீட்டுப் பிள்ளைகளையும் அந்த நாட்டுப் பிள்ளைகளையும், கேட்டார்கள். வாழ்க்கைத் திருப்தி, தன் மதிப்பு, மனக் கஷ்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். பிறந்த வீட்டுப் பழக்கத்தையும் விடாமல், புது நாட்டாரோடும் கலந்து பழகின பிள்ளைகள்தான் மற்றவர்களை விட நன்றாயிருந்தார்கள். இரண்டிலும் சேராமல் தத்தளித்தவர்கள் மோசமாயிருந்தார்கள். தங்களை இழிவாக நடத்துகிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளிடத்தில் நிலைமை தாழ்ந்திருந்தது. அதாவது பாஷை வேறு, மதம் வேறு, நாடு வேறு என்றிருந்தாலும், இழிவு எங்கும் இழிவாகவே பட்டிருக்கிறது. அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ஆகவே குடியேறினவன் திருப்தியை அளக்க வேண்டுமானால் அவனை மட்டும் அளந்தால் போதாது. அவனுக்கு இடம் கொடுத்தவனையும் அளக்க வேண்டும். காலப் ஸ்தாபனத்தார் அதற்கும் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்கள். குடியேறினவர்கள் உன் நாட்டில் வாழ்வது நல்லதா? உனக்கு அண்டை வீட்டுக்காரனாக வருவது நல்லதா? உன் நெருங்கிய உறவினர் ஒருவரை விவாகம் செய்து கொள்வது நல்லதா? இந்த மூன்றுக்கும் "நல்லது" என்று சொல்லுகிறவர்கள் அதிகமுள்ள நாடுகளில் குடியேறினவர்களின் ஏணிப்படியும் உயர்ந்திருப்பதாக 2018-ம் வருஷத்து அறிக்கையில் கண்டிருக்கிறது. நாட்டில் இருக்கலாம், தெருவில் வேண்டாம், வீட்டுக்குள் கூடவே கூடாது என்பதெல்லாம் நமக்குப் புதிய பாடமா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் இந்த மூன்று கேள்விகளையும் அடுத்த ஜாதியாரைப் பற்றியே கேட்டுப் பார்த்தால், மூன்றாவது கேள்விக்கு வரும்போது எத்தனை பேர் எழுந்து போய்விடுவார்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

கடைசியாக, உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாயிருக்கும் ஒரு விஷயம். நமது கடைத்தெருவில் ஓட்டல்களிலும், கட்டட வேலையிலும், ஆலைகளிலும் இன்று பீகார், ஒடிசா, மேற்கு வங்காளப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்கள் அயல்நாட்டாரல்ல, இந்நாட்டுப் பிரஜைகளே. ஆனாலும் பாஷை தெரியாத ஊருக்கு வெகு தூரம் ரயிலேறி வந்தவர்கள். ஒரு ஓட்டல் முதலாளி, என் சிநேகிதர், "இந்தப் பையன்களுக்கு எதைக் கொடுத்தாலும் திருப்தி, ஐயா, கொடுத்த இடத்தில் படுத்துக் கொள்வார்கள், லீவு கேட்பதில்லை, நம் பிள்ளைகளைப் போல் குறை சொல்லுவதில்லை" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. கிள்ளானில் என் முதலாளியும் வந்தவர்களிடத்தில் என்னைக் காட்டி இதே வார்த்தைகளைத்தான் சொன்னார் என்பது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. நான் அன்று முதல் வருஷத்து ஆள். அந்தப் பையன்களும் முதல் வருஷத்து ஆட்கள்.

தோழர்களே! மூன்றாம் வருஷம் வரும். அவர்களும் ஒரு நாள் லீவு கேட்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமென்பார்கள். அன்றைக்கு "வந்தபோது ஒழுங்காயிருந்தான், இப்போது கெட்டுப் போய் விட்டான்" என்று நாம் சொல்லுவோமானால், நம் பிள்ளைகளைப் பற்றி அக்கரையில் அப்படிச் சொல்லுகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஆகவே உங்களை நான் கேட்டுக் கொள்வது சொற்பம். இன்று இரவு அயல்நாட்டிலிருக்கும் உங்கள் பிள்ளையோ தம்பியோ டெலிபோனில் பேசும்போது "நல்லாயிருக்கியா?" என்பதோடு நிறுத்தி விடாதீர்கள். அதற்கு "நல்லாயிருக்கேன்" என்ற பதில் தயாராக இருக்கிறது. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, எத்தனை மணி நேரம் வேலை, வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா, உடம்பு சரியில்லையென்றால் யார் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள், மனம் விட்டுப் பேச ஆள் இருக்கிறதா, எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போன வருஷம் சொன்னதற்கும் இந்த வருஷம் சொல்லுவதற்கும் வித்தியாசம் இருந்தால், கோபித்துக் கொள்ளாமல் ஏன் என்று கேளுங்கள். நாளைக் காலையில் டீக்கடைக்குப் போகும்போது, அங்கே கிளாஸ் கழுவுகிற வெளியூர்ப் பிள்ளையையும் இதே கேள்விகளைக் கேளுங்கள். முதலாளி பக்கத்தில் நிற்காத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். முதலில் அவன் பேரைக் கேளுங்கள்.

என் தாயார் இப்போது இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு உங்களிடத்தில் பதில் சொன்னதாக வைத்துக் கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்கிறேன்.